நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு

மறுபடியும் அதே சத்தம். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. துளசிமணி அவரைக்காயின் முனையைக் கிள்ளி நாரை இழுத்தாள், நார் பாதியில் அறுந்து நகக்கண்ணில் சுற்றிக்கொண்டது. அவள் உட்கார்ந்திருந்தது கூடத்தில், கண் இருந்தது முறத்தில், காது மட்டும் எழுந்து பக்கத்து அறைக்குள் போய் மகனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டிருந்தது. இப்போது அவன் ஸ்விட்சை அணைப்பான். இதோ, அணைத்துவிட்டான். எதையோ கழற்றுவான், வாயால் ஊதுவான், திரும்ப மாட்டுவான். ஸ்விட்ச். ஃபேன் கொர்ரென்று எடுக்கும். அப்புறம் அது அழும். அழுகைதான் அது, எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பச்சைப்பிள்ளை அழுகிற மாதிரி. முதல் தடவை அது அப்படிக் கத்தியபோது நவநீதன் சிரித்தான். "கத்தறது நல்லதும்மா, உசுரு இருக்குதுன்னு அர்த்தம். ஒண்ணுமே சொல்லாம கெடந்தாத்தான் பயப்படோணும்" என்றான். அப்படியா கண்ணு, என்று அவளும் சிரித்து வைத்தாள். ஒன்றுமே சொல்லாமல் கிடந்தால்தான் பயப்பட வேண்டும். சித்திரையிலிருந்து அதைத்தானே அவள் பயந்துகொண்டிருந்தாள்; அதை அவன் வாயாலேயே கேட்டபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாத அடுப்பங்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். அது ஆயுத பூஜைக்கு மறுநாள். இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. காலை இட்லி தட்டிலேயே விறைத்துக் கிடந்தது. மத்தியானம் ரசம் ஊற்றிப் பிசைந்துவிட்டுப் பிசைந்த கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். திரும்ப வந்துவிட்டதா? வேண்டாம் தாயே, அது மட்டும் திரும்ப வேண்டாம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர், செய்தித்தாளை மடிக்காமலே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்புள்ள, உம்பையன் ராக்கெட்டு உட்டுட்டானா?" பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், இன்னமும் எல்லோரையும் டிக்கெட் எடுக்காத ஆளைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். "சும்மா இருங்க" என்றாள். சொன்னது அவருக்குக் கேட்டதோ என்னமோ, அவளுக்கே கேட்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி அட்டாலிப் பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் கிடந்தது, நவநீதன் பத்தாவது படிக்கும்போது வாங்கியது. அந்த நாளில் அவனும் அவன் தங்கை சுகந்தியும் அதன் முன்னால் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து கார் ஓட்டுவார்கள், "இடிக்காதடா, இடிக்காதடா" என்று அவள் கத்துவாள். பரீட்சைக்கு முந்தின வாரம் ஒருநாள் துளசிமணி போய் வயரைப் பிடுங்கிவிட்டாள். பிடுங்கினதும் அவன் கறுப்பாகிப் போன திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது எதற்கு இப்போது. சுகந்தி திருப்பூரில் பிள்ளை குட்டியோடு இருக்கிறாள். இவன் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தான், சித்திரையில் கம்பெனி நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பியது, இவனும் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான், வந்தவன் வாயை மூடிக்கொண்டான். பகலெல்லாம் தூங்கினான். தாடி வளர்ந்தது. ஆடியில் ஒரு மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், துணி எடுக்க மாடிக்குப் போனவள், அவன் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிற்பதைப் பார்த்தாள். சும்மா நின்றான். கீழே பார்த்துக்கொண்டு நின்றான். அவள், காபி ஆறுது சாமி, என்று கூப்பிட்டாள், காபியே போட்டிருக்கவில்லை. அவன் திரும்பினான், யாரோ தெரியாத வீட்டுப் பெண்பிள்ளை கூப்பிட்ட மாதிரி. அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. இறங்கி வந்து, அவள் அவசரமாகப் போட்ட காபியைக் குடித்தான். அன்றைக்கே மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பெருங்காய டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். பூட்டு துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது என்று அவரிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து துணியெல்லாம் புழக்கடைச் சந்தில் கொடி கட்டிக் காய்கிறது, காய்வதாவது, ஈர வாடையோடு அப்படியே மடிகிறது. அவன் அந்தச் சட்டைகளை ஒன்றும் கேட்காமல் போட்டுக்கொள்கிறான். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அது தெரியாமல்தான் ஒவ்வொரு நாளும் அவன் கேட்காமல் இருந்ததற்காகக் கும்பிட்டாள்.

அப்படி இருந்தவன்தான் புரட்டாசி பிறந்ததும் ஒருநாள் அட்டாலியைப் பார்த்தான். இறக்கினான். துடைத்தான். "இந்தப் பழைய கேமெல்லாம் புதுக் கம்ப்யூட்டர்ல ஓடாதும்மா, அந்தக் காலத்துச் சாமான் வேணும்" என்றான். உள்ளே இருந்ததெல்லாம் செத்துப்போயிருந்தது. மணிக்கூண்டுப் பக்கம் பழைய கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிற அன்சாரியைத் தேடிப் பிடித்தான். பச்சைப் பலகை ஒன்று வந்தது, வயர் வந்தது, குண்டு டிவி மாதிரி ஒரு திரை வந்தது, பந்து வைத்த மவுஸ் வந்தது. ஒவ்வொன்றையும் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் பேசினான், பேசினான் தாயே, என்ன சொல்கிறான் என்று ஒரு மண்ணும் விளங்காமல் அவள் ம் ம் என்று கேட்டுக்கொண்டே தோசை வார்த்தாள், அவன் தின்றுகொண்டே பேசினான், எத்தனை தின்றான் என்று எண்ணக்கூட மறந்துபோனாள். போதாதா? அதோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? கோயமுத்தூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. "வேற தேதி கேட்டிருக்கறேன்" என்றான். என்ன காரியம் என்றால், அன்றைக்கு அன்சாரி கடைக்கு ஏதோ ஒரு கார்டு வருகிறதாம், விட்டால் வேறு யாராவது வாங்கிப் போய்விடுவார்களாம். அவர் அன்று முழுக்கப் பேசினார். முப்பத்தாறு வயசுக் கழுதை பொம்மை வண்டி ஓட்ட வேலையை உடறானாம் என்றார். அந்தப் பேச்சு கேட்டுக் கேட்டு இவளுக்கும் அது சரிதான் என்று பட்டுவிட்டது. பட்டுவிட்டதே, அதுதான். குளித்து, ஈரத் தலையோடு, மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியில் ஒரு ரூபாய்க் காசு முடிந்து, பண்ணாரி அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் கட்டினாள். தாயே, எம்பையன் மனசு இந்தப் பொட்டியில ஒட்டாமப் பாத்துக்க. அவன் வேலைக்குப் போகட்டும். குண்டம் திருவிழாவுக்கு வந்து உன் வாசல்ல மாவிளக்கு எடுக்கறேன். இவ்வளவோடு சரியா, இன்னும் ஒன்று சொன்னாளா? இது ஓடாமப் போனாக்கூடப் பரவால்ல. சொன்னாளா, நினைக்க மட்டும் நினைத்தாளா? வாய்விட்டுச் சொன்ன ஞாபகம் இல்லை. ஆனால் வாய்விட்டுச் சொன்னால்தான் அம்மனுக்குக் கேட்கும் என்றா இத்தனை வருஷமும் கும்பிட்டாய்?

நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு. அறைக்குள் போன் பேசுகிற சத்தம். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான், இரண்டு கையும் உள்ளே விட்டிருப்பான். "பாய், அதே பீப்தான்." "சார், அது டிஸ்ப்ளே கார்டு பீப் சார், கார்டு தெரியலைங்கறது போர்டுக்கு. வாங்கிட்டுப் போனன்னிக்கு ஓடுச்சா இல்லீங்களா?" "ஓடுச்சு பாய். மேஜை மேல பரப்பி வெச்சப்ப ஓடுச்சு. எழுத்து வந்துச்சு. பூஜைக்கு மறுநாள் பொட்டிக்குள்ள ஏத்தினேன், அன்னீலிருந்து இப்படி." "கார்டுல அந்தத் தங்கப் பல்லு இருக்குதுங்களே, அதுல அழுக்குப் பட்டிருந்தாலும் இப்படித்தான் சார் கத்தும்." துளசிமணியின் கையிலிருந்த காய் முறத்தில் விழுந்தது. தங்கப் பல். அவளும் அதைப் பல் என்றுதான் நினைத்தாள். பூஜை அன்றைக்கு வீட்டில் எதை விட்டாள்? அரிவாள்மனை, கத்தரிக்கோல், மிக்ஸி, கிரைண்டர், அவருடைய மொபெட், அவருடைய பழைய டிக்கெட் பஞ்ச், டிவி ரிமோட்டுக்குக்கூடப் பொட்டு வைத்தாள். இவன் மேஜைமேல் இவ்வளவு சாமான் கிடக்கிறது, இதை மட்டும் எப்படி விடுவது, அப்பன் ஆத்தா இல்லாத பிள்ளையைப் பந்தியில் விடுகிற மாதிரி. அவன் குளித்துக்கொண்டிருந்தான். பன்னீரில் குழைத்த சந்தனக் கிண்ணத்தோடு போனாள். பெட்டிக்கு வைத்தாள். திரைக்கு வைத்தாள். அந்தக் கார்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எதற்கும் முகம் என்று ஒன்று இருக்க வேண்டுமே, பொட்டு வைக்க. எல்லாப் பக்கமும் பச்சையும் முள்ளுமாக இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் தங்கம் வரிசையாகப் பளபளத்தது. தங்கம் இருக்கிற இடம்தான் நல்ல இடம் என்று அங்கே வைத்தாள், சந்தனம் வைத்து நடுவில் குங்குமம். நன்றாக, அழுத்தி. வேறு எந்த அறிவுகெட்டவள் செய்வாள் இதை? கை ஒன்று செய்தது, மனசு ஒன்று கேட்டது; மனசு கேட்டதைத்தான் கை செய்ததோ? அவளைக் கொண்டே அம்மன் அதைச் செய்ய வைத்தாளோ? சந்தனம் காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும், சாமி சிலையிலேயே சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மூன்று நாளாக அவன் அந்த அறையில் தன்னையே தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறான், எங்கே தப்பு செய்தேன், எங்கே தப்பு செய்தேன் என்று. நேற்று அவனே சொன்னான், "எங்கைக்கு ஒண்ணும் ஒட்டறதில்லம்மா, எதைத் தொட்டாலும்." மேலே சொல்லவில்லை. தப்பு செய்தவள் இங்கே அவரைக்காய்க்கு நார் எடுக்கிறாள். எழுந்து போய்ச் சொன்னால் என்ன? சொன்னால் கோபிப்பானா? கோபித்தால் நல்லதுதான். கோபிக்காமல் சரி விடும்மா என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தால்? அறைக்குள் இப்போது ஒரு சத்தமும் இல்லை. ஸ்விட்ச் போடுகிற சத்தம் இல்லை, ஊதுகிற சத்தம் இல்லை. ஒன்றுமே சொல்லாமல் கிடந்தால்தான். முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள், முழங்கால் சொடுக்கிட்டது.

அவன் தரையில் உட்கார்ந்து கட்டிலில் தலையைச் சாய்த்திருந்தான். பெட்டி பக்கம் திறந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றது. "கண்ணு" என்றாள். "ம்." "அந்தத் தங்கப் பல்லு. பூஜையன்னிக்கு நான் அதுல பொட்டு வெச்சுட்டன் சாமி. தெரியாம வெச்சுட்டன். சந்தனம், குங்குமம், ரெண்டும்." அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "அதையா? அது அன்னிக்கே பாத்தனே. ரப்பர் போட்டுத் தேய்ச்சு, ஸ்பிரிட் வெச்சுத் துடைச்சுட்டுத்தான் மாட்டினேன். சுத்தமா இருக்குது." "நெஜமாவா?" "பொட்டியில வெச்ச பொட்டை அழிக்கலியே, பாரு." பெட்டியின் நெற்றியில் குங்குமம் காய்ந்து அப்படியே இருந்தது. "உம்பொட்டு இல்லம்மா காரணம். வேற என்னமோ." அவன் மறுபடியும் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவளுக்கு நெஞ்சு லேசாக வேண்டும், ஆகவில்லை. திரும்பிக் கூடத்துக்கு வந்தாள். பொட்டு இல்லை என்றால், பொட்டு இல்லை என்றால் வேறு என்ன? மிச்சம் இருப்பது ஒன்றுதானே. பொட்டையாவது ரப்பர் போட்டுத் தேய்த்துவிட்டான். அவள் கேட்டதை எதைப் போட்டுத் தேய்ப்பது? மேஜைமேல் பரப்பி வைத்தபோது ஓடியது, எழுத்து வந்தது, அவளைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினான், வெள்ளை வெள்ளையாக மேலே ஏறிய எழுத்து. அப்புறம் நின்றுவிட்டது. அம்மன் கேட்டுவிட்டாள். இத்தனை வருஷத்தில் இவள் எத்தனை கேட்டிருக்கிறாள், சுகந்திக்கு வரன், அவருக்குச் சர்க்கரை குறைய, எதற்கும் ஆடி அசைந்து வந்தவள், இதற்கு மட்டும் ஓடி வந்தாளே. அவனுக்கு அந்தப் பெட்டி நோய் என்று நினைத்தாள். நோய் வேறு எங்கேயோ இருந்தது, அதிலிருந்து ஏறி வர அவனாகப் போட்டுக்கொண்ட ஏணியை இவள் போய்ச் சாமியிடம் சொல்லி உருவிவிட்டாள். அன்றைக்கு வயரைப் பிடுங்கின மாதிரி. அதே கை.

சாமி அலமாரிக்கு முன்னால் நின்றாள். மஞ்சள் துணி ஆணியில் தொங்கியது, எலுமிச்சங்காய் அளவுகூட இல்லை. நடக்காத வேண்டுதலை அவிழ்க்கக் கூடாது என்பார்கள். அவிழ்த்தால் கேட்ட வாயாலேயே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அவள் அம்மா ஒருதரம் அவிழ்த்தவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், முழுக்கதையும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவாள். ஆனால் இது நடந்துவிட்டது அல்லவா? ஓடாமப் போனாக்கூட என்று கேட்டாள், ஓடவில்லை. பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை. வேலைக்குப் போகவில்லை. அப்படியானால் அவிழ்க்கலாமா, கூடாதா? அவன் வேலைக்குப் போக வேண்டாம் என்று ஆகிவிடுமா? தாயே, நான் அப்படிச் சொல்லல. வேலைக்கும் போகட்டும். இதுவும் ஓடட்டும். ரெண்டும் கேட்டா ரொம்பக் கேட்டதா ஆயிருமா? விரலை முடிச்சில் வைத்தாள். ஈரத்துணியில் போட்ட முடிச்சு, காய்ந்து இறுகிக் கிடந்தது. நகம் நுழையவில்லை. பல்லால் இழுக்கலாம், எச்சில் படும். ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது, விளக்கு வைக்கிற நேரம் நெருங்குகிறது, அதற்குள் ஒரு முடிவு. நகம் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. அப்போது அறையிலிருந்து அவன் குரல், "அம்மா, ஒரு கை குடு வா."

அவன் எழுந்திருந்தான். டார்ச் அடித்துப் பெட்டிக்குள் எதையோ காட்டினான். "உம்பொட்டுன்னு சொன்னியே, மறுபடி எடுத்துப் பாத்தேன். பல்லெல்லாம் சுத்தம்தான், ஆனா ஒரு பக்கம் மட்டுந்தான் உள்ள எறங்கியிருக்குது, தடம் தெரியுது பாரு. இந்தப் பழைய பொட்டியோட தகடு வளைஞ்சிருக்குது, அது கார்டை ஒரு ஓரமாத் தூக்கிட்டு நிக்குது. அடியில ஒரு கை தாங்கோணும், மேல ஒரு கை அமுக்கோணும். ஸ்விட்சும் போட்டுப் போட்டு இப்பப் போயிருச்சு, இந்த ரெண்டு கம்பியை ஸ்க்ரூடிரைவர்ல தொட்டு விடோணும். எனக்கென்ன மூணு கையா இருக்குது?" "அப்பாவக் கூப்படட்டுமா?" "அவரு டிக்கெட் கேப்பாரு." அவன் வாயோரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. கையை முந்தானையில் துடைத்துவிட்டு, "ஷாக் அடிக்குமா கண்ணு?" என்றாள். "அடிக்காது. இங்க, விரலை இங்க வை. இன்னும் கொஞ்சம் கெட்டியா. மாவு பெசையற மாதிரி இல்ல, காது குத்தறப்ப கொழந்தை தலையப் புடிப்பியே, அந்த மாதிரி." அவளுக்குத் தெரியும் அந்தப் பிடி. இவன் தலையையே பிடித்திருக்கிறாள், மாமன் மடியில் திமிறினவனை. பிடித்தாள். ஃபேன் கொர்ரென்றது. ஒரு சத்தம் வந்தது, குட்டையாக. அவள் காது மற்றதுக்காகக் காத்திருந்தது. வரவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. மற்றது வரவில்லை. குண்டுத் திரையில் முதலில் கறுப்பு கொஞ்சம் வெளுத்தது, அப்புறம் வெள்ளை எழுத்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறத் தொடங்கியது.

அவன் கத்தவில்லை, குதிக்கவில்லை. திரையைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ரொம்ப சாதாரணமாக, "மாடிச் சாவி பெருங்காய டப்பாவுலதான இருக்குது?" என்றான். அவள் கை ஆடியது, திரையில் எழுத்துகள் ஒருதரம் நடுங்கின. "அமுக்கும்மா, அமுக்கு, கையை எடுத்தராத." அமுக்கினாள். "ஒருநாள் மோர்ல போடலாம்னு தொறந்தேன். பாத்துட்டு, திரும்ப அப்படியே வெச்சுட்டேன்." அத்தனை நாளும் தெரிந்தா ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தான்? அவள் பயந்தது அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது, இரண்டு பேரும் ஒரு பூட்டின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு. "நாளைக்குத் தொறந்து உடும்மா. துணியெல்லாம் நாறுது. காயப்போட மட்டுந்தான் போவேன்." கடைசி வார்த்தையை அவன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான். அவள் ம் என்றாள். அதற்கு மேல் ஒன்று சொன்னால் கையில் இருக்கிற பலமெல்லாம் போய்விடும்போல் இருந்தது. காசு முடிந்ததைச் சொல்ல வேண்டும், அதுவும் சொல்ல வேண்டும். அவன் ஸ்க்ரூடிரைவரைக் கடித்துக்கொண்டு தகட்டை நிமிர்த்த இடுக்கி தேடினான், பாட்டு மாதிரி எதையோ முனகினான், சித்திரையிலிருந்து அந்த முனகலை அவள் கேட்கவில்லை. "இடுக்கி கெடைக்கற வரைக்கும் புடிச்சுக்க, கார் வந்துரும் இப்ப." வாசலில் நாற்காலி நகர்ந்தது. "ஏம்புள்ள, இருட்டாகுது, வெளக்கு வைக்கலியா?" என்றார் அவர். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவள் இருக்கும்போது விளக்கு நேரம் தவறியதில்லை, பிள்ளை பெற்றுக் கிடந்த நாட்கள் தவிர. ஜன்னலில் மஞ்சள் போய்ச் சாம்பல் வந்துவிட்டது. அலமாரியில் முடிச்சு அங்கேயே தொங்குகிறது, நகம் பட்டுக் கொஞ்சம் கலைந்து, அவிழ்ந்தும் அவிழாமலும். தாயே, பாத்துட்டுத்தான இருக்கற. நான் கேட்டதைக் கேட்டுட்ட, கேக்காததையும் கேட்டுட்ட. எனக்கு இப்பக் கை ஒழியல. மன்னிக்கறதோ கோவிச்சுக்கறதோ, கொஞ்சம் இருட்டுலயே இரு. விரல் நுனி மரத்துப் போகத் தொடங்கியது, தங்கப் பல் வரிசைக்கு மேலே, அன்றைக்குப் பொட்டு வைத்த அதே விரல். "கை ஒழியலீங்க" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் கெட்டியாக அமுக்கிப் பிடித்தாள்.